சிறுகதையையும் குறுநாவலையும் இரண்டு முறை வாசிப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சிறுகதையை வாசிக்கப் பதினைந்து நிமிடமே ஆகிறது என்பதால், அது பதினைந்து நிமிடத்துக்கு மட்டுமே உரிய பொருள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அறுநூறு பக்க நாவலை முடித்தவர் அதைப் பற்றி ஒரு வாரம் பேசுகிறார். எட்டுப் பக்கக் கதையை முடித்தவர் அடுத்த பக்கத்தைத் திருப்பி அடுத்த கதைக்குப் போய்விடுகிறார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாசித்தேன். தொகுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக முடித்தேன், ஆனால் எந்தக் கதையில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் பெயர்கள் மட்டுமே நினைவில் இருந்தன. எழுதியவர் அந்தக் கதையைச் சிறிதாக வைத்ததே நாம் அதை மறுபடியும் வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. பெரிய நாவலை உடனே இன்னொரு முறை வாசிக்கச் சொல்ல எவருக்கும் மனம் வராது. சிறுகதையிடம் அந்த உரிமை இருக்கிறது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த இரண்டாம் வாசிப்பை நோக்கித்தான் செல்கின்றன.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ்ச் சிறுகதைகளிலிருந்தும் தமிழ்க் குறுநாவல்களிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன். நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த வடிவத்தில் நம் மொழியில் எழுதப்பட்டிருப்பவை ஒரு வாசகரின் வாழ்நாளுக்குப் போதுமானவை.

படி 1: தொகுப்பை அல்ல, ஒரு கதையைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஓர் எழுத்தாளரின் 'முழுத் தொகுப்பு' என்ற தடித்த நூலை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். முழுத் தொகுப்பு அலமாரியில் இருக்க வேண்டிய நூல்தான். ஆனால் அதை வரிசையாக வாசிப்பது, ஒரு பாடகர் வாழ்நாளில் பாடியதையெல்லாம் ஒரே இரவில் கேட்பது போன்றது. புதுமைப்பித்தன் 1948இல் தம் 42ஆம் வயதில் மறைவதற்குள் ஏறத்தாழ நூறு கதைகள் எழுதினார். அவற்றில் விரல் பழக எழுதியவை உண்டு, அவசரத்தில் எழுதியவை உண்டு, எந்த மொழியிலும் முதல் வரிசையில் நிற்கக்கூடியவையும் உண்டு. வரிசையாகப் போகும் வாசகர் மூன்றாம் வகையை அடையுமுன் களைத்துவிடுகிறார்.

எனவே ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். முதல் வாரத்துக்கு நான் பரிந்துரைப்பவை இவை: புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்', கு. ப. ராஜகோபாலனின் 'விடியுமா?', கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு', தி. ஜானகிராமனின் 'பாயசம்', கி. ராஜநாராயணனின் 'கதவு', அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்', அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. இந்த ஏழும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஒன்றில் தஞ்சாவூர்க் கல்யாண வீடு, ஒன்றில் கரிசல்காட்டு ஏழைக் குடிசை, ஒன்றில் சென்னை சினிமாக் கம்பெனி. எந்தக் குரல் உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ, இரண்டாம் வாரத்தில் அவரிடமே திரும்புங்கள்.

படி 2: எழாமல் முடிக்கக்கூடிய நேரத்தை ஒதுக்குங்கள்

சிறுகதை ஒரே அமர்வுக்கு உரியது. பாதியில் வைத்துவிட்டு மாலையில் தொடர்ந்தால் அதில் உள்ள ஏதோ ஒன்று உடைந்துவிடுகிறது. நாவலில் அப்படி உடைவதில்லை, ஏனென்றால் நாவலாசிரியரே அத்தியாயம் பிரித்து நம்மை எழுந்துபோக அனுமதிக்கிறார். சிறுகதையில் முதல் பத்தியில் வந்த ஒரு சொல் கடைசிப் பத்தியில் நமக்குத் தேவைப்படும். இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் அந்தச் சொல் காதிலிருந்து போய்விடும்.

பேருந்தில் வாசிக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வாசிக்கலாம், ஆனால் இறங்கும் நிறுத்தத்துக்கும் கதையின் முடிவுக்கும் இடையே பத்து நிமிடமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

படி 3: முதல் வாசிப்பில் கையில் பென்சில் வேண்டாம்

முதல் வாசிப்பு கதைக்கு உரியது, ஆராய்ச்சிக்கு உரியதன்று. அடிக்கோடு இடாதீர்கள், குறியீடு தேடாதீர்கள், புரியாத வட்டாரச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டாதீர்கள். முன்னுரையையும் இப்போது வாசிக்காதீர்கள். நல்ல முன்னுரைகளே பெரும்பாலும் பின்னுரையாக வாசிக்கத் தக்கவை.

இரண்டு இடங்களில் மட்டும் சற்று நிதானியுங்கள். ஒன்று தலைப்பு. மற்றொன்று முதல் வாக்கியம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் தொடக்கத்தில் பிள்ளையவர்கள் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில், ஆபத்தில்லாத ஓரமாக நின்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். டிராமில் போனால் வெற்றிலை பாக்குக்குக் காலணா மிஞ்சும், பஸ்ஸில் போனால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது என்பதுதான் அந்த யோசனை. கடவுள் வரப்போகும் ஒரு கதை காலணாக் கணக்கில் தொடங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போனால், கடவுள் வந்து காப்பி குடிக்கும்போது நாம் வியப்பதைவிட, அவரிடம் சில்லறை இருக்குமா என்று கவலைப்படத் தொடங்கிவிடுகிறோம். ஆசிரியர் நம்மை அந்த மனநிலைக்குக் கொண்டுவந்தது முதல் வாக்கியத்திலேயே.

அதேபோல் 'செல்லம்மாள்' அவளுடைய மரணத்தில்தான் தொடங்குகிறது. சென்னையில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி அவள். திருநெல்வேலிப் பக்கத்து மண்ணிலிருந்து வந்து, நோயோடு நகரத்தின் ஓரத்தில் காலம் தள்ளியவள். கதை தொடங்கும்போதே அவள் மூச்சு அடங்கிவிட்டது. அதன்பின்தான் கதை பின்னோக்கிச் செல்கிறது. 'முடிவைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடும்' என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு கதையே மறுமொழி. முடிவு தெரிந்தபின் வாசிக்கும்போது, அவர் அவளுக்குக் கஞ்சி வைப்பதும், ஊருக்குப் போவதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதும் எத்தனை மடங்கு கனக்கின்றன! முடிவு தெரியாமல் வாசித்திருந்தால் அவை வெறும் வீட்டுக் காட்சிகளாகக் கடந்து போயிருக்கும். ஒருவகையில் புதுமைப்பித்தன் அந்தக் கதையில் நம்முடைய முதல் வாசிப்பையே இரண்டாம் வாசிப்பாக மாற்றிவிடுகிறார்.

படி 4: முடித்தபின் புத்தகத்தை மூடி வையுங்கள்

கதை முடிந்ததும் அடுத்த கதையின் தலைப்பில் கண் படுவதற்கு முன்பே புத்தகத்தை மூடிவிடுங்கள். பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருங்கள், அல்லது கைக்குப் பழகிய வேலை ஏதாவது செய்யுங்கள். நான் பெரும்பாலும் துணி மடிப்பேன். இந்த இடைவெளியில் கதை தானாகவே ஒருமுறை மனத்தில் ஓடும். எந்தக் காட்சி முதலில் திரும்பி வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். அது பெரும்பாலும் முடிவாக இருப்பதில்லை.

தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' எனக்கு இதற்கு நல்ல உதாரணம். ரயில் பயணத்தில் ஒரு தந்தையும் அவருடைய சிறு மகனும், வீட்டுவேலைக்காகத் தொலைதூர ஊருக்கு அனுப்பப்படும் ஓர் ஏழைச் சிறுமியைச் சந்திக்கிறார்கள். பையன் தன்னிடம் இருக்கும் ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுக்கிறான். கதையின் சிகரம் அதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரியும்கூட. ஆனால் புத்தகத்தை மூடிவைத்தபின் எனக்கு முதலில் திரும்பி வந்தது பழம் இல்லை; அந்தச் சிறுமி பேசிய விதம், வயதுக்கு மீறிய அவளுடைய நிதானம். அந்த வயதுக் குழந்தைகள் அவ்வளவு நிதானமாக இருக்கக் கூடாது என்று அப்போது தோன்றியது. இந்த எண்ணம் கதையில் எழுதப்படவில்லை. அது வருவதற்கு ஒரு வெற்றிடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அடுத்த கதையைத் தொடங்கியிருந்தால் வந்திருக்காது.

படி 5: இரண்டாம் வாசிப்பு, கூற்றுக் குறிப்போடு

இதுவே இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. மறுநாள் அதே கதையை மறுபடியும் எடுங்கள். இப்போது பென்சில் கையில் இருக்கலாம்.

எதைத் தேடுவது என்ற கேள்விக்குப் பலரும் பலவிதமாகப் பதில் சொல்கிறார்கள். எனக்கு உதவிய வழி நம் பழைய இலக்கியத்திலிருந்தே கிடைத்தது. குறுந்தொகைப் பாடல்கள் நான்கு அடி முதல் எட்டு அடி வரை உள்ளவை. அவ்வளவு சிறிய பாடலை வாசகர் சரியாகப் பற்றிக்கொள்ள, ஒவ்வொரு பாடலோடும் ஒரு கூற்றுக் குறிப்பு வருகிறது: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த நிலையில் பேசுகிறார் என்பதை அது ஒரே வரியில் சொல்லிவிடும். தோழி தலைவிக்கு ஆறுதல் சொல்கிறாளா, அல்லது வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவன் காதில் விழட்டும் என்று சொல்கிறாளா என்பது தெரிந்தால் பாடலின் ஒவ்வொரு சொல்லும் இடம் மாறும். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சிறிய வடிவத்தை வாசித்துப் பழகிய மொழி, அதற்கான கருவியையும் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

இரண்டாம் வாசிப்பின்போது, நீங்கள் வாசிக்கும் சிறுகதைக்கு அப்படியொரு கூற்றுக் குறிப்பை எழுதிப் பாருங்கள். மூன்று கேள்விகள் போதும். இதைச் சொல்பவர் யார்? எப்போது, எதற்குப் பிறகு சொல்கிறார்? யார் காதில் விழ வேண்டும் என்று சொல்கிறார்?

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை எடுத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லோரும் கதைசொல்லியின் மீது உயிரையே வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாள்களில் வந்து புத்தகம் கேட்டு அவருடைய அறையையே தலைகீழாக்குகிறார்கள். அவரும் அவர்களிடம் பெரியவர்போல் நடந்துகொள்வதில்லை. குழந்தைகளில் இருவருக்கு அவர் டைரி பரிசளிக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. பிறகு ஒருநாள் சாரங்கன் அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான், உபசரிக்கிறான். கடைசியில் தானே கொண்டுவந்து வைத்திருக்கும் ஒரு டைரியை நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரும்படி கேட்கிறான்.

முதல் வாசிப்பில் இந்த முடிவு நெஞ்சில் அறைகிறது. கண் கலங்காமல் வாசித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டாம் வாசிப்பில் நடப்பது வேறு. கதையின் முற்பகுதியிலும் சாரங்கன் இருக்கிறான். அவன் வருகிறான், ஏதோ கேட்கிறான், பின்வாங்குகிறான். நாம்தான் அவனைக் கவனிக்கவில்லை. கலகலப்பாகப் பேசும் மற்றக் குழந்தைகளின் பக்கம் நம் கண் போய்விட்டது, கதைசொல்லியின் கண் போனதைப் போலவே. அந்தக் குழந்தைக்கு அவர் இழைத்த அதே புறக்கணிப்பை, வாசகராகிய நாமும் முதல் வாசிப்பில் செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் விளங்குகிறது. இந்த உணர்வை முதல் வாசிப்பு தரவே முடியாது. கதையின் பாதி இன்பம், பாதி வேதனை, இரண்டாம் முறை வருபவருக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

என் குறிப்பேட்டில் இந்தக் கதைக்கு நான் எழுதிவைத்த கூற்றுக் குறிப்பு இது: 'எல்லாக் குழந்தைகளும் தன்னை நேசிப்பதாக மகிழ்ந்திருந்த ஒருவர், தான் ஒரு குழந்தையைப் பார்க்கத் தவறியதை அறிந்தபின் சொல்லியது.' இப்படி எழுதியதும் தலைப்பின் பொருளும் திரும்பிவிட்டது. அன்பளிப்பைக் கொடுத்தவர் யார், பெற்றுக்கொண்டவர் யார் என்பது எனக்கு இன்றும் தீர்மானமாகவில்லை.

'பாயசம்' கதையில் கேள்விகள் வேறு திசையில் வேலை செய்கின்றன. அங்கே பேசுபவர் என்று ஒருவர் இல்லை. படர்க்கையில் சொல்லப்படும் கதை. ஆனால் சொல்லும் குரல் சாமநாது என்ற முதியவரின் தோளைவிட்டு நகர்வதே இல்லை. வசதியாக வாழும் சுப்பராயன் வீட்டுக் கல்யாணத்தில் சாமநாதுவின் மனம் புழுங்குகிறது. இறந்துபோன மனைவி வாலாம்பாள் அவர் மனத்துக்குள் வந்து பேசுகிறாள், இடித்துரைக்கிறாள். கடைசியில் கொதிக்கும் பாயச அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, அதில் பெருச்சாளி கிடந்தது என்று ஒரு பொய்யைச் சொல்கிறார். இரண்டாம் முறை வாசிக்கும்போது வாலாம்பாள் பேசும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இறந்தவள் எப்படிப் பேசுவாள்? அது அவருடைய மனச்சாட்சியின் குரல்தான். அப்படியானால் தான் செய்யப்போவது இன்னதென்று அவருக்கு முன்பே தெரியும். அந்தத் தெளிவோடு வாசிக்கையில், கதையின் இறுதியில் அவருடைய மகள் அவரைப் பார்க்கும் பார்வை முதல் வாசிப்பில் இருந்ததைவிடக் கூர்மையாக இறங்குகிறது. பொறாமை என்பதைத் தீய குணம் என்று கேட்டே வளர்ந்த நாம், ஒரு மணி நேரம் அதன் உள்ளே குடியிருந்துவிட்டு வெளியே வருகிறோம்.

எல்லாக் கதைகளும் இரண்டாம் வாசிப்பைத் தாங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி வரித் திருப்பத்தை மட்டுமே நம்பி எழுதப்பட்டவை இரண்டாம் முறை வெறுமையாகிவிடும். அதில் வருந்த ஒன்றுமில்லை. எது நல்ல கதை என்று பிறரிடம் கேட்காமல் நீங்களே அறிந்துகொள்ள இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

படி 6: உரையாடலை வாய்விட்டு வாசியுங்கள்

தமிழ்ச் சிறுகதையின் பெருஞ்செல்வம் அதன் பேச்சு. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்து, ஒன்றாக வளர்ந்தவர்கள். இருந்தும் ஒருவருடைய கரிசல் பேச்சும் மற்றவருடையதும் பக்கத்தில் ஒன்றாக ஒலிப்பதில்லை. கண்ணால் மட்டும் வாசித்தால் இந்த வேறுபாடு பிடிபடாது. 'கதவு' கதையில் தீர்வை பாக்கிக்காகத் தலையாரி பெயர்த்துக்கொண்டு போன தங்கள் வீட்டுக் கதவைக் குழந்தைகள் மறுபடியும் காணும் பகுதியை ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தைகளின் குரல் உங்கள் தொண்டையிலிருந்தே எழும்.

வேற்று வட்டாரத்துக் கதைக்கு இது இன்னும் தேவை. தமிழகத்தில் வளர்ந்த வாசகர் பலர் யாழ்ப்பாணத்துப் பேச்சில் எழுதப்பட்ட கதைகளைக் கடினம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எஸ். பொன்னுத்துரையின் பக்கங்களை நானும் அப்படி ஒதுக்கியவன்தான். ஈழத்து நண்பர் ஒருவர் ஒரு பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டியபின் அந்தக் கடினம் கரைந்துவிட்டது. ஈழத்தில் பேசுவதையே 'கதைப்பது' என்கிறார்கள். கதையும் பேச்சும் ஒரே சொல்லாக இருக்கும் ஒரு வழக்கிலிருந்து வரும் கதைகளைக் காது கொடுத்துக் கேட்காமல் வேறு எப்படி வாசிப்பது?

படி 7: குறுநாவலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

குறுநாவல் என்பது நீண்ட சிறுகதையும் இல்லை, சுருங்கிய நாவலும் இல்லை. நூறு பக்கம், நூற்றைம்பது பக்கம் உள்ள இந்தச் சின்னப் புத்தகங்கள் ஒரு பிற்பகலை முழுதாக எடுத்துக்கொள்ளும், ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குள் நம்மை விட்டுவிடும். சிறுகதை ஒரு கணத்தைக் காட்டிவிட்டு விலகுகிறது; குறுநாவலில் அந்தக் கணம் முற்றிக் கனிவதை அருகில் இருந்து பார்க்க முடிகிறது. தமிழில் இந்த வடிவத்தை வளர்த்ததில் சிற்றிதழ்களுக்குப் பெரிய பங்குண்டு. கணையாழி இதழ் தி. ஜானகிராமன் நினைவாகக் குறுநாவல் போட்டியே நடத்தியது.

முதலில் சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. 1959இல் வெளிவந்தது, அதே ஆண்டில்தான் அவர் 'எழுத்து' இதழையும் தொடங்கினார். ஒரே ஒரு மாலைப்பொழுது, ஒரே ஒரு திடல். தன் தந்தையைக் குத்திய காரி என்ற காளையை அடக்க வந்திருக்கும் பிச்சி, அவனோடு மருதன், வாடிவாசலில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு காளையின் குலமும் குணமும் சொல்லும் கிழவர், மேடையில் ஜமீன்தார். நடக்கும் நேரமும் வாசிக்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், இடையில் எழுந்துபோவது திடலைவிட்டு எழுந்துபோவதற்குச் சமம். முதல் வாசிப்பில் நம் கண் காளை மீதும் பிச்சி மீதும்தான் இருக்கும். இரண்டாம் முறை கண்ணை ஜமீன்தார் மீது வையுங்கள். அவர் எப்போது பேசுகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார், அவருடைய மௌனத்தைச் சுற்றியிருப்பவர்கள் எப்படிப் பொருள் கொள்கிறார்கள் என்று பாருங்கள். வீர விளையாட்டைப் பற்றிய நூல் என்று நினைத்துத் தொடங்கியது, கௌரவம் என்ற ஒன்று மனிதனையும் மிருகத்தையும் என்ன செய்யும் என்பதைப் பற்றியதாகிவிடும். கடைசிப் பக்கங்களில் அவர் செய்வதை இங்கே நான் சொல்லப்போவதில்லை. முடிவு தெரிந்தாலும் கெடாத நூல்தான், ஆனாலும் அந்த முதல் அதிர்ச்சி உங்களுக்கு உரியது.

அடுத்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்ற சகோதரிகள், அடி பம்பு, குடங்களின் வரிசை. மிகக் குறைந்த சொற்களில், குரலை உயர்த்தாமல் எழுதப்பட்ட புத்தகம். உருக்கமான இடத்தில்கூட ஆசிரியர் நம் கையைப் பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஜமுனாவிடம் பேசும் பகுதியை மெதுவாக வாசியுங்கள், ஆறுதல் என்ற பெயரில் நாம் வழக்கமாகச் சொல்வதற்கும் அவள் சொல்வதற்கும் எவ்வளவு தூரம் என்பது தெரியும். கோடையில், வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத ஒரு நாளில், நான் இதை இரண்டாம் முறை வாசித்தேன். முதல் முறை வெறும் பின்னணி என்று நினைத்துக் கடந்த வாக்கியங்கள்தான் அன்று முன்னால் வந்து நின்றன.

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' கந்தன் என்ற மனிதனின் ஒரே ஒரு நாளைச் சொல்கிறது. சமூகம் பெயர் சொல்லத் தயங்கும் தொழில்களில் வாழ்பவர்களின் உலகம் அது. வாசிப்பவர் தீர்ப்புச் சொல்ல இடமே விடாத வேகத்தில் ஓடுகிறது. சம்பத்தின் 'இடைவெளி' இதற்கு நேர்மாறு. சாவு என்றால் என்ன என்ற ஒற்றைக் கேள்வியில் சிக்கிக்கொண்ட ஒருவரின் சிந்தனைதான் புத்தகம். அதற்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை போதாது. சிறிய நூலாக இருந்தும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 8: புரியாத கதையை என்ன செய்வது

மௌனி தம் வாழ்நாளில் எழுதியவை சுமார் 24 கதைகள்தாம். 'அழியாச்சுடர்' கதையை முடித்துவிட்டு ஒன்றும் பிடிபடவில்லை என்று தோன்றினால், அது உங்கள் குறையில்லை. சம்பவத்தைத் தேடாமல், இசைக் கச்சேரியில் ஆலாபனை கேட்பதுபோல் வாக்கியங்களின் பின்னே போய்ப் பாருங்கள். அப்படியும் திறக்கவில்லை என்றால் ஓர் ஆண்டு கழித்துத் திரும்புங்கள். பத்துப் பக்கக் கதை அங்கேயே காத்திருக்கும்.

படி 9: நூல்களைத் தேடும் இடம்

புதுமைப்பித்தனின் எழுத்துகளைத் தமிழக அரசு 2002இல் நாட்டுடைமை ஆக்கியது. எனவே மலிவுப் பதிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, மதுரைத் திட்டத்தின் இணையத் தொகுப்பிலும் கதைகளை இலவசமாக வாசிக்கலாம். ஆனால் ஒரு கதை பிடித்துப்போய் இரண்டாம் முறை வாசிக்கும்போது நம்பகமான பதிப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'புதுமைப்பித்தன் கதைகள்' கதைகளைக் கால வரிசையில், அவை முதலில் வெளிவந்த இதழ் விவரங்களோடு தருகிறது. ஒரு சொல் மாறினாலும் பொருள் மாறும் வடிவத்தில் பாடச் சுத்தம் சிறிய விஷயமன்று. ஈழத்துக் கதை நூல்களுக்கு 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் தேடுங்கள். கடைகளில் கிடைக்காத பல தொகுப்புகள் அங்கே இருக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் இருப்பவர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உண்டு. ஊர்ப்புற நூலகங்களை மறந்துவிடாதீர்கள். எவரும் எடுக்காததாலேயே அங்கே பழைய சிறுகதைத் தொகுப்புகள் பத்திரமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

படி 10: ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்

இரண்டு முறை வாசித்த ஒரு கதையை மூன்றாம் முறை வேறொருவருக்காக வாசியுங்கள். நாவலை அப்படி வாசித்துக் காட்ட முடியாது. சிறுகதையை இரவுச் சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் இடையில் வாசித்துவிடலாம். நடிக்க வேண்டாம், குரலை மாற்ற வேண்டாம், நிறுத்தக்குறிகளை மட்டும் மதியுங்கள். முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள்.

என் அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு, கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை இப்படித்தான் வாசித்துக் காட்டினேன். தீபாவளிக்கு முதல் நாள் இரவு, தங்கள் பிள்ளைகளுக்கே போதாத ஓர் ஏழை வீட்டின் முன், உடம்பெல்லாம் சிரங்கோடு நாதியற்ற ஒரு சிறுவன் வந்து நிற்கிறான். அந்தத் தாய் அவனைத் தள்ளிவிடாமல் தன் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சேர்த்துக்கொள்கிறாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். விளக்கை அணைத்துவிட்டு நான் எழுந்தபோது, அந்தத் தாயின் பெயர் என்ன என்று கேட்டாள். தாயம்மாள் என்றேன். "அந்தப் பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொரு தடவ படிடா" என்றாள்.

விளக்கைப் போட்டு, முதல் பக்கத்தைத் திருப்பினேன்.